அந்தக் கடைசி

கண் டாக்டர் அஞ்சு ரோட்டில், மாடியில்.
இடது கண்ணில் இனி எழுத்து நிற்காது என்றார்.
வலதை வைத்து ஓட்டலாம் என்றார்,
லாரி டயரைப் பற்றிச் சொல்வதுபோல.

வீட்டுக்கு வந்து மூட்டைகளை இறக்கினேன்.
புத்தகங்களை நான் அலமாரியில் வைத்ததில்லை.
மில்லில் காலியாகும் ஜவ்வரிசிச் சாக்கு
மூன்று ரூபாய்க்குக் கிடைத்தது.
முப்பத்தொரு வருஷக் கணக்கெழுத்தில்
பதினொரு சாக்கு சேர்ந்திருக்கிறது.
எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும்
மடியில் மாவு உதிரும்.

எண்ணினேன். கணக்குப்பிள்ளை புத்தி, வேறென்ன.
படித்தவை நாலு சாக்கு.
பாதியில் விட்டவை இரண்டு.
மற்றதெல்லாம்
கண்காட்சிப் பில்லோடு அப்படியே.
போனஸில் வாங்கியது,
நகைச்சீட்டுப் பணத்தில் வாங்கியது,
தள்ளுபடி என்பதற்காக வாங்கிய
ஏழு பாக நாவலின் மூன்றாம் பாகம் மட்டும்.
மாதத்துக்கு இரண்டு என்று போட்டால்
முடிக்கும்போது எனக்கு எண்பத்தாறு வயது.
வலது கண் அதுவரை வராது.

இதற்கெல்லாம் வருந்த எனக்குத் தெரியும்.
ஒரு டம்ளர் காப்பியோடு வருந்தி முடித்துவிடலாம்.
ஆனால் ஒன்பதாவது சாக்கில் இருக்கிறது
என்னுடையதல்லாத ஒன்று.

காக்கி அட்டை. முதுகில் பெயர் தேய்ந்துபோனது.
ஜெபமணி கொடுத்தது.
நாகலூர்ப் பக்கம் எஸ்டேட் கிளார்க்.
வியாழன்தோறும் பேங்க் வேலையாக இறங்கி வருவார்,
மலைக் குளிர் கொஞ்சம்
ஸ்வெட்டரிலேயே ஒட்டியிருக்கும்.
பேங்க் வரிசையில் ஆளுக்கொரு புத்தகத்தோடு
நின்று நின்று பழக்கம்.
"படிங்க குணவதி. அந்தக் கடைசி இருக்கே..."
வாக்கியத்தை முடிக்காமல்
தட்டுவடை செட்டைக் கடித்தார்.

மூன்று வியாழன் போனது.
மில்லில் ஆடிட்டிங், அப்பாவுக்கு ஆஸ்பத்திரி,
நாற்பதாம் பக்கம் தாண்டவில்லை.
"முடிச்சாச்சா?"
முடிச்சுட்டேன்.
"அந்தக் கடைசி?"
ஆமா, அந்தக் கடைசி.
"உங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சா?"
அப்படித்தான் இருந்துச்சு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கழற்றியபடியே ரொம்ப நேரம் நின்றார்.
பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர்
ஏற்காடு ஏற்காடு என்று கத்திக்கொண்டிருந்தார்.
நான் எதற்கு ஒப்புக்கொண்டேன் என்று
எனக்குத் தெரியாது.

அப்புறம் அதைத் தொட முடியவில்லை.
படித்தால்
அன்றைக்கு என்ன சொன்னேன் என்று
தெரிந்துவிடும்.
ஒரு சாவாக இருக்கலாம். ஒரு கல்யாணம்.
யாரோ யாரையோ மன்னிப்பது.
டவுன் பஸ்ஸில் நின்றபடி, எண்ணெய்ச் சட்டி முன்னால்,
எத்தனையோ கடைசிகளை வைத்துப் பார்த்தேன்.
எதற்கும் அந்தக் கண்ணாடி கழலவில்லை.

ஜெபமணி ஒரு ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தார்.
நான் போகவில்லை.
பதினான்காவது கொண்டை ஊசியில் மண் சரிவு
என்று ஒரு காரணம் இருந்தது.
மறுநாளே பாதை திறந்துவிட்டார்கள்.

நேற்று ராத்திரி எடுத்தேன்.
வலது கண், மேஜை விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி.
நாற்பதிலிருந்து அல்ல,
நேரே கடைசிக்கு, திருடி மாதிரி.

கடைசிப் பதினாறு பக்கம் திறக்கவில்லை.
அச்சகத்தில் மடித்த மடிப்பு,
ஓரம் வெட்டாமல் தைத்துவிட்ட ஃபாரம்.
இத்தனை வருஷமாக
ஒரு விரலும் பிளக்காமல்
மூடிக் கிடக்கிறது.

அட, ஜெபமணி!

சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து சிரித்தேன்,
பக்கத்து வீட்டில் லைட் போடும் அளவுக்கு.
பிறகுதான் உறைத்தது.
அப்படியென்றால்
கண்ணாடியை எதற்குக் கழற்றினார்?

சமையல்கட்டில் மல்கோவா அறுத்த கத்தி இருக்கிறது.
கழுவித் துடைத்து
ஜன்னலில் வைத்திருக்கிறேன்.
ஈரம் காயட்டும்.